பர்மிஷன் சாரின் ஆறு கைங்கரியங்கள்

ஒரு குழாய் ஒழுகினால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார், சொன்னது உண்மையா என்று போய்ப் பார்க்க வேண்டியவர் யார், அதன் பிறகு ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டியவர் யார் என்று தனித்தனியாக ஆள் போட்டுச் சட்டம் எழுதிய மனிதர், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். இன்னொருவர் பிறந்தால் ஊர் தாங்காது. குழாய்கள் நிச்சயம் தாங்காது.

பர்மிஷன் சார் என்று சொன்னால்தான் எங்கள் கம்பெனியில் தெரியும். சம்பளச் சீட்டில் அவருக்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதை முழுதாகப் படித்தவர் காஷியர் ஒருவர்தான், அவரும் வேறு வழியில்லாமல் படித்தார். துவாக்குடி போகிற சாலையில் வால்வு செய்கிற கம்பெனி எங்களுடையது. அதில் மெயின்டனன்ஸ் பிரிவு, அதாவது உடைந்ததை ஒட்டி, நின்றதை ஓடவைக்கிற பிரிவு. அங்கே அவர் பிளானர். எந்த ரிப்பேரை யார் எப்போது செய்வது என்று திட்டம் போடுகிற உத்தியோகம். ஸ்ரீரங்கத்தில் தெற்குச் சித்திரை வீதியிலிருந்து நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணோடு தினமும் வருவார். ஒரு நாளும் ஒரு நிமிடம் முன்னால் வந்ததில்லை, பின்னால் வந்ததும் இல்லை.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், ஒர்க் ஷாப்பில் எண்ணெய் துடைத்த பஞ்சுக் குவியல் ஒன்று புகைய ஆரம்பித்தது. பக்கத்திலேயே சிவப்பு வாளியில் மணல். வாளிக்குப் பக்கத்திலேயே இவர். வாளியைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், வாளிமேல் எழுதியிருந்த ‘தீயணைப்புப் பிரிவு’ என்ற எழுத்தைப் பார்த்தார். உடனே ஓட ஆரம்பித்தார், அந்தப் பிரிவிடம் பர்மிஷன் கேட்க. அவர் திரும்பி வருவதற்குள் ஃபிட்டர் மஸ்தான் பாய் மணலைக் கொட்டி அணைத்துவிட்டு, அதே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மஸ்தான் பாய்க்கு ஒரு கவர் வந்தது. உள்ளே இரண்டு மெமோ. யாருடைய அனுமதியில் வாளியைத் தொட்டீர் என்று ஒன்று. தீயை அணைத்ததற்குப் பாராட்டு என்று இன்னொன்று. இரண்டிலும் பர்மிஷன் சாரின் கையெழுத்து, குண்டு குண்டாக.

“சாமி, எதுக்கு நான் பதில் எழுதணும்?” என்று கேட்டார் மஸ்தான் பாய்.

“ரெண்டுக்கும் எழுதும். மொதலாவதுக்கு வருத்தம் தெரிவிச்சும், ரெண்டாவதுக்கு நன்றி தெரிவிச்சும்.”

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

ஆபீசோடு விட்டாரா என்றால் இல்லை. அவருடைய மூத்த பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் பத்துப் பேர் போயிருந்தோம். கூடத்துச் சுவரில் காலண்டர் மாட்டுகிற ஆணியில் ஒரு தாள் தொங்கியது. சந்தனம் கொடுப்பவர் யார், பன்னீர் தெளிப்பவர் யார், விசிறி எடுத்துக் கொடுப்பவர் யார் என்று வரிசையாகப் பெயர்கள். பிள்ளை வீட்டார் வாசலில் வந்து இறங்கினார்கள். ‘வாங்கோ’ என்று சொல்ல நியமிக்கப்பட்டிருந்த சித்தப்பா, நாதஸ்வரக்காரரைத் தேடிப் போயிருந்தார். பன்னீர்க்காரர் பன்னீர்ச் செம்போடு நின்றார். சந்தனக்காரர் சந்தனத்தோடு நின்றார். பெண்ணைப் பெற்றவர் வாசல் நிலைப்படிக்கு உள்ளே நின்று சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர் மனைவி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, “உள்ள வாங்கோ, இவர் இப்படித்தான்” என்று சொல்லி அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றினார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் என் பெருமையையும் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் அந்தப் பிரிவின் குமாஸ்தா. என்னிடம் நீளமாக, கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. கம்பெனியில் எது ரிப்பேரானாலும் வந்து என்னிடம் சொல்வார்கள். நான் நோட்டில் எழுதி, ஒரு சீட்டைக் கிழித்து ஃபிட்டரிடம் கொடுப்பேன். சீட்டு இல்லாமல் ஒரு ஸ்குரூ திரும்பாது. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்ததை மறைப்பானேன். கேன்டீன்காரர் வடையோடு வந்தால் கேன்டீன் மின்விசிறி முதலில் சுற்றும். வெறுங்கையோடு வந்த டிராயிங் ஆபீஸ்காரர்கள் அட்டையால் விசிறிக்கொள்வார்கள்.

எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி ரூம், ரூமுக்கு ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்று போர்டு. ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம்கூட அதற்குத்தான் முதலில். மேனேஜர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

“இனிமே ரிப்பேர் வேலையெல்லாம் கம்ப்யூட்டர் வழியாத்தான். யாருக்கு என்ன வேலைன்னு அதுவே சீட்டு அடிச்சுக் குடுக்கும். ஆறு மாசம் பாப்போம். ஆறு மாசம் கழிச்சு கம்ப்யூட்டர் லிஸ்ட்ல யார் பேர் இருக்கோ அவங்கதான் திருச்சி ஸ்டாஃப். மத்தவங்க ஹோசூர் யூனிட்டுக்குப் போகணும்.”

கம்ப்யூட்டரே எழுதி, கம்ப்யூட்டரே சீட்டு அடித்தால் நோட்டு எதற்கு? நோட்டு இல்லாவிட்டால் நான் எதற்கு? இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. என் மனைவிக்குத் தென்னூரில் ஸ்கூல் டீச்சர் வேலை. உறையூரில் எங்கள் வீட்டில் அப்பா, ஆஸ்துமாக்காரர். மார்கழியில் உறையூர்ப் பனிக்கே தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்குவார். ஹோசூர்க் குளிருக்கு அவரைக் கூட்டிப் போக முடியாது, இங்கே விட்டுவிட்டும் போக முடியாது.

யார் யாருக்கு என்ன வேலை என்று கம்ப்யூட்டருக்கு எழுதித் தரும் பொறுப்பை மேனேஜர் பர்மிஷன் சாரிடம் கொடுத்தார். அவர் எழுதுவதை ப்ரோக்ராமாக மாற்ற ஸ்டெல்லா என்ற பெண். பாலக்கரைப் பெண், கணக்கில் புலி, வாயில் அதைவிட. பர்மிஷன் சார் கையில் ஒரு குயர் பேப்பரோடு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார்.

“நீர் என்ன செய்யறீர்?”

“ஸ்பானரைப் புடிச்சுத் திருகுறேன் சாமி,” என்றார் மஸ்தான் பாய்.

“அதுக்கு முன்னாடி?”

“டீ குடிக்கிறேன்.”

“அதுக்கும் முன்னாடி. எது ரிப்பேர்னு உமக்கு எப்படித் தெரியும்?”

“சத்தம் கேட்டாத் தெரியும் சாமி. இருபது வருசமா அந்த மெஷினு சத்தத்தத்தான கேக்குறேன்.”

“அது கூடாது,” என்று எழுதிக்கொண்டார் பர்மிஷன் சார். “இனிமே நீர் சத்தத்தைக் கேக்க வேண்டாம். கேக்கறதுக்கு வேற ஆள்.”

என்னிடம் வந்தார்.

“நீர்?”

“நோட்டுல எழுதறேன் சார்.”

“அதைக் கம்ப்யூட்டர் எழுதுமே.”

பேப்பரில் என் பெயருக்கு எதிரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். வெறும் கோடு. அந்தக் கோட்டை நான் மூன்று மாதம் கனவில் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் திட்டம் தயார். மொத்தம் ஐந்து வேலை. சொல்பவர், பார்ப்பவர், பிரிப்பவர், செய்பவர், முடிப்பவர். இயந்திரம் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டரில் தட்டுவது சொல்பவர், பிரிவுக்கு ஒருவர். உண்மையாகவே நின்றுவிட்டதா என்று போய்ப் பார்ப்பது ஃபோர்மன். எந்த ஃபிட்டருக்கு என்று பிரிப்பது பர்மிஷன் சாரே. செய்வது ஃபிட்டர். எல்லாம் சரியாகிவிட்டது என்று கடைசியில் முடித்து வைப்பது மேனேஜர். இதில் ஓர் ஆணி அடித்தாற்போன்ற விதி, ஒருவருக்கு ஒரு வேலைதான்.

“ஏன் சார் இவ்வளவு கண்டிப்பு? ஆள் இல்லாதப்ப ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் பாத்தா என்ன?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“பெருமாள் புறப்பாடு பாத்திருக்கியாம்மா? குடை பிடிக்கறவர் தீவட்டியைத் தொட மாட்டார். தீவட்டிக்காரர் குடையைத் தொட மாட்டார். பெருமாளைத் தோள்ல எழுந்தருளப் பண்றவா ரெண்டையும் தொட மாட்டா. எத்தனை நூறு வருஷமா நடக்கறது, ஒரு நாள் நின்னிருக்கா? ஒருத்தருக்கு ஒரு கைங்கரியம்.”

“சார், அங்க குழாய் ஒழுகாது சார்.”

“ஒழுகினா அதுக்கும் ஒருத்தர் இருப்பார்,” என்றார் அவர்.

கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. எங்கள் வேலைகள் நிற்க ஆரம்பித்தன. முதல் வாரமே மஸ்தான் பாய் ஷாப்பில் வைத்திருந்த கம்ப்யூட்டர் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, தன் பக்கத்து மெஷினில் பெல்ட் அறுந்ததைத் தட்டப் பார்த்தார். அவர் செய்பவர், சொல்பவர் அல்ல. இயந்திரம் ‘பீப்’ என்று கத்தி, உமக்கு அனுமதி கிடையாது என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, “சாமிய டப்பாவுக்குள்ள வச்சு அடைச்சிட்டாங்க” என்றார்.

அடுத்தது கேன்டீன் குழாய். கேன்டீனின் சொல்பவர் அங்கே இருந்த சூப்பர்வைசர். அவர் தங்கை கல்யாணத்துக்குப் பட்டுக்கோட்டை போய்விட்டார், பத்து நாள் லீவு. குழாய் மறுநாளே ஒழுக ஆரம்பித்தது. சொல்ல ஆள் இல்லாததால் அது ஒழுகவில்லை என்பதே கம்பெனியின் முடிவு. மஸ்தான் பாய் பாக்கெட்டில் ஸ்பானரோடு அந்தக் குழாய்க்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்து, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு டீ குடித்தார். பார்ப்பவரான ஃபோர்மன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து போனார். அவர் பார்க்கத்தான் செய்தார், ஆனால் யாரும் சொல்லாததைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை.

நான் இதையெல்லாம் சும்மா விடவில்லை. தினமும் மத்தியானம் கேன்டீன் பெஞ்சில் ஏறி நின்று, பர்மிஷன் சார் குரலில் நாடகம் போடுவேன். பர்மிஷன் சார் வீட்டில் தும்மல் வந்தால் அதைச் சொல்பவர் மூக்கு, பார்ப்பவர் கண், துடைக்க வேண்டிய கை லீவில் இருக்கிறது, இந்த ரகம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே பயம் அரித்துக்கொண்டிருந்தது. என்னை ஹோசூருக்கு அனுப்பப்போகிற மனிதரை வேறு எப்படித்தான் பழிவாங்குவது? ஒருநாள் எல்லோரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் அவர் டிபன் பாக்ஸோடு நிற்கிறார்.

“என் குரல் அவ்வளவு கீச்சுனு இருக்காது ஓய்,” என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைத் திறந்தார்.

வேறொருவராக இருந்தால் திட்டியிருப்பார், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்னி நட்சத்திரம் வந்தது. திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் ரூம் ஏ.சி. உயிரை விட்டது. மெக்கானிக் பத்தே நிமிடத்தில் பையோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். பர்மிஷன் சார் கையை நீட்டித் தடுத்தார். சீட்டு எங்கே?

ஸ்டெல்லா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“சார், ஏ.சி. ரிப்பேர்னு கம்ப்யூட்டர்ல போட்டு சீட்டு வந்தாத்தான் மெக்கானிக் கை வைக்கலாம்னு நீங்க எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்.”

“ஏ.சி. ஓடினாத்தான் கம்ப்யூட்டர ஆன் பண்ணலாம்னு அத வித்தவங்க எழுதிக் குடுத்திருக்காங்க.”

“அதுவும் சரிதான்.”

“அப்ப என்ன சார் பண்றது?”

பர்மிஷன் சார் நன்றாக யோசித்தார். “ரெண்டு பேரும் தப்பா எழுதலையேம்மா” என்றார்.

மூன்று நாள். மெக்கானிக் வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், பிறகு எங்களிடமிருந்து நேற்றைய பேப்பரை வாங்கிப் படித்தார். கம்பெனியில் மற்ற மெஷின்கள் இதையெல்லாம் மதித்து உடையாமல் இருக்குமா? கம்ப்ரஸர் நின்றது, ஒரு மோட்டார் புகைந்தது. ஒவ்வொருவராக என் மேஜைக்கு வந்தார்கள். நான் கீழ் இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். எழுதினேன், கிழித்தேன், கொடுத்தேன். மஸ்தான் பாய் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். வியாழக்கிழமை காலையில் ஏ.சி. ரிப்பேர் என்றும் நானே எழுதி, சீட்டைக் கிழித்து மெக்கானிக்கிடம் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஏ.சி. ஓடியது.

பர்மிஷன் சார் வந்தார். நோட்டை வாங்கி, நின்றபடியே மூன்று நாள் பக்கங்களையும் ஒரு வரி விடாமல் படித்தார்.

“யார் சொல்லி இதையெல்லாம் எழுதினீர்?”

“யாரும் சொல்லல சார். வந்து கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன்.”

“இப்படி எழுத உமக்கு அதிகாரம் கிடையாது.”

“தெரியும் சார்.”

“நாளைலேர்ந்து உண்டு,” என்றார்.

மறுநாள் ஐந்து கைங்கரியம் ஆறாகியிருந்தது. கம்ப்யூட்டர் ஓடாதபோது நோட்டில் எழுதுபவர், அந்த வேலைக்குப் பெயர் ‘குறிப்பவர்’. லிஸ்டில் என் பெயர் ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் ஓடாத நாளில் மட்டும் வேலை செய்கிற ஓர் உத்தியோகம் உலகத்திலேயே எனக்குத்தான் கிடைத்திருக்கும். நான் அவரை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பிரிவு முழுக்க ஜிலேபி கொடுத்தேன், அவருக்கும் கொடுத்தேன். கடை ஜிலேபி என்று தொடவில்லை.

அடுத்த மாதம் ஃபிட்டர் அந்தோணி அண்ணன் ரிட்டயரானார். பொன்மலையிலிருந்து சைக்கிளில் வருபவர். மாலை போட்டு, குடும்பத்தோடு போட்டோ எடுத்து அனுப்பினோம். அடுத்த திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அவர் பெயருக்கு ஒரு சீட்டு அடித்தது. கையில் வேலை குறைவாக இருக்கிற ஃபிட்டருக்கு முதலில் வேலை என்பது விதி. ரிட்டயரானவருக்கு எந்த வேலையும் கையில் இல்லையே, கம்ப்யூட்டர் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது. அவர் பெயரை எடுத்துவிடலாம் என்று ஸ்டெல்லா திட்டத்தைப் புரட்டினாள். ஆளைச் சேர்க்க வழி இருந்தது, நீக்க வழி இல்லை. நீக்குபவர் என்று ஒரு வேலையே அதில் இல்லை. நாங்கள் சிரித்த சிரிப்பு செக்யூரிட்டி கேட் வரை கேட்டிருக்கும். குடைக்கும் தீவட்டிக்கும் ஆள் போட்ட மகானுபாவர், போகிறவர்களுக்கு வாசல் வைக்க மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பர்மிஷன் சாரே அந்தச் சீட்டோடு பொன்மலைக்குப் போனார். என்னால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று அந்தோணி அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டால், வேலையை வேறு ஆளுக்கு மாற்றலாம். அண்ணன் சர்ச்சுக்குப் போய்வந்து தின்பண்டத்தோடு உட்கார்ந்திருந்தாராம். சீட்டை வாங்கிப் படித்திருக்கிறார்.

“முப்பத்தோரு வருசம் வேலை பாத்தேன் சார். முடியாதுன்னு ஒரு நாளும் எழுதிக் குடுத்ததில்ல. இப்ப ரிட்டயரானப்புறம் எழுதுவனா?”

திங்கட்கிழமை சைக்கிளில் வந்தார். கேட்டில் விசிட்டர் சீட்டு வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து பம்ப்பைப் பிரித்து வேலையை முடித்து, டீ குடித்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் வாராவாரம் அவருக்குப் புதுச் சீட்டு அடிக்க, இப்படி நாலு திங்கட்கிழமை வந்தார். நாலாவது வாரம் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு மாதம் முடிகிற நாள் அது. லிஸ்டை அச்சடித்து மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அடித்த காகிதத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாலும் ஹெட் ஆபீஸ் ஏற்றுக்கொள்ளாது. அடித்தது அடித்ததுதான். மேனேஜர் கம்ப்யூட்டர் ரூமுக்கே வந்துவிட்டார். நோட்டோடு வரச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்கள். நான் வெறுங்காலோடு ஒரு மூலையில் நின்றேன்.

“ஆள எடுக்க வழியே இல்லாம ஒரு லிஸ்ட்டா?” என்று மேனேஜர் ஆரம்பித்தார். “அந்தோணிய எடுங்க. அப்படியே இந்த நோட்டு எழுதற ஆளையும் எடுங்க. கம்ப்யூட்டர் ஓடாதப்ப வேலை பாக்கறதுக்கு ஒரு ஆளா? ஹோசூர்ல கிளார்க் கேக்கறாங்க.”

எனக்கு அப்பாவின் மூச்சுச் சத்தம் காதில் கேட்டது. ஏ.சி. ரூமில் வியர்த்துக் கொட்டியது.

“அந்தோணிக்கு மாசத்துக்கு வேலைநாள் ஜீரோன்னு போட்டுட்டேன் சார், இனிமே அவருக்குச் சீட்டு அடிக்காது,” என்றாள் ஸ்டெல்லா. “ஆனா பேர எடுக்கணும்னா நீக்கறதுக்குன்னு ஒரு ரோல் வேணும். திட்டத்துல இல்ல.”

“அப்ப இப்பவே போடுங்க. என்ன சார், போடலாம்ல?”

“தாராளமாப் போடலாம்,” என்றார் பர்மிஷன் சார். பேனாவைத் திறந்தார். “நீக்குபவர். யார் பேரை எழுதட்டும்?”

“யாராவது போடுங்க. உங்க பேரையே போடுங்க.”

“அடியேன் பிரிப்பவர். ஒருத்தருக்கு ஒரு கைங்கரியம். நான் இதை எடுத்துண்டா நாளைக்கு யாருக்கும் வேலை பிரிக்க முடியாது, சீட்டு வராது.”

“ஃபோர்மன்?”

“அவர் பார்ப்பவர். அவர் பாக்கலேன்னா நான் எதைப் பிரிக்கறது?”

“சரி, என் பேரப் போட்டுத் தொலைங்க.”

“போடறேன். நீங்க முடிப்பவர். அதை விட்டுட்டு இதுக்கு வந்துட்டேள்னா, அப்பறம் எந்த வேலையும் முடிஞ்சுதுன்னு நீங்க கையெழுத்துப் போட முடியாது. இன்னிக்கு அச்சடிக்கற லிஸ்ட்டுக்கும் முடிப்பவர் பர்மிஷன் வேணும். நீக்கினது யார்னு அடியில பேரும் அச்சாகும், ஹெட் ஆபீஸ்ல கேட்டா சொல்லணுமோல்லியோ. எழுதட்டுமா?”

பேனா பேப்பருக்கு மேலே நின்றது. அவர் முகத்தில் கேலியே இல்லை. உண்மையாகவே எழுதக் காத்திருந்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தபால் பைக்காரர் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தார்.

“அடிச்சு அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பிரின்டர் கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தது. கடைசி வரியில் என் பெயர். அதற்கு முந்திய வரியில், ரிட்டயரான அந்தோணி அண்ணன். நான் ஹோசூர் போகவில்லை.

அன்று சாயங்காலமே பெஞ்சில் ஏறி இந்தக் காட்சியை நடித்துக் காட்டினேன். வாசல் வைக்க மறந்த மனிதரின் மறதியால் பிழைத்தேன் என்பதுதான் நாடகத்தின் கருத்து. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதற்கப்புறம் இரண்டு வருஷம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பர்மிஷன் சார் ரிட்டயரான அன்று, அவருடைய அலமாரியை ஒழித்த ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபைலை நீட்டினாள். அவர் கைப்பட எழுதிய பழைய திட்டம். முதல் ஐந்து வேலைகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம். ஆறாவது பக்கத்தில் தலைப்பு, நீக்குபவர். யார் நீக்கலாம், எப்போது நீக்கலாம் என்று பாதிப் பக்கத்துக்குக் குண்டு எழுத்தில் எழுதி, அதன் குறுக்கே ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, அதே பேனாவில், அதே மையில், ‘குறிப்பவர்’ என்று எழுதி என் பெயர். ஏ.சி. சரியான மறுநாள் தேதி.

“மறதின்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே, படிங்க,” என்றாள் ஸ்டெல்லா.

அன்று அவருக்குக் கொடுத்த சூட்கேஸை நான் தூக்கிக்கொண்டேன். கம்பெனி பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து, அங்கிருந்து ஸ்ரீரங்கம் டவுன் பஸ். கழுத்தில் மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது கேட்டுவிட்டேன்.

“சார், நீக்குபவர்னு எழுதிட்டு ஏன் சார் அடிச்சீங்க?”

“பேப்பர்ல எடம் போறலை.”

“பாதிப் பக்கம் காலியா இருக்கே சார்.”

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“எனக்காகவா சார்?”

“அதைக் கேக்கற அதிகாரம் உமக்குக் கிடையாது ஓய்,” என்றார் பர்மிஷன் சார்.

உறையூருக்குப் போக வேண்டியவன் தெற்குச் சித்திரை வீதி வரை அவரோடு நடந்தேன். என் அப்பா அந்த லிஸ்ட் போனதற்கப்புறம் ஆறு வருஷம் உறையூர் வீட்டில், அவருடைய ஜன்னலோரக் கட்டிலிலேயே இருந்தார். அந்த ஆறு வருஷத்தை எனக்குக் கொடுத்த மனிதரைத்தான் இவ்வளவு நேரம் கிண்டல் செய்திருக்கிறேன். அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது, கண்ணில் தண்ணீர் வருவது அதற்கு அப்புறம்தான்.